ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்த காசு

தெரேஸ் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவள், ஏதோ நினைவு வந்தவள்போலத் திரும்பி, "அண்ணே, நீங்க இருக்கிறதாலதான் தைரியமா வெளிய போறேன்" என்று சொன்னபோது, கலிவரதனுக்கு அவளை முந்திக்கொண்டு தெருவில் இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஏதோ ஒரு மாத்திரை இந்தப் பக்கத்துக் கடைகளில் இல்லையாம், நேரு வீதிக்குப் போனால்தான் கிடைக்குமாம், ஒரு எட்டில் வந்துவிடுவாளாம். இரும்புக் கதவு கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாயிற்று. இத்தனை நாளும் இப்படி நடக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தெரேஸின் தம்பி இருக்கும் நேரம், கோயில்காரர்கள் வந்து ஜெபம் சொல்லும் நேரம், பயிற்சி கொடுக்கிற பெண் வந்து, பக்கவாதத்தில் கிடக்கும் தெரேஸின் கணவன் அமலோரின் காலை மடக்கி நீட்டும் நேரம் என்று பார்த்துப் பார்த்துத்தான் வருவார். நாலு பேருக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கட்டிலைப் பார்க்காமல் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கும் திருமணப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். இன்றைக்குத் தம்பி வேலைக்குப் போய்விட்டான், கோயில்காரர்கள் யாரையும் காணோம், பயிற்சிக்காரப் பெண்ணுக்குக் காய்ச்சல். கூடத்தில் அவரும், வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அமலோரும், மேலே சுற்றுகிற மின்விசிறியும் மட்டும். வயதான இரண்டு சிநேகிதர்கள் ஒரு மத்தியான நேரத்தில் தனியாக இருப்பதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டே கலிவரதன் நாற்காலியை இழுத்துப் போட்டார். எங்கே போடுவது என்று ஒரு கணம் தயங்கி, அமலோரின் கண்ணுக்கு நேரே வராதபடி தலைமாட்டுப் பக்கம் போட்டார். போட்டபிறகுதான் தான் செய்தது தெரிந்தது. காதுமடல் சூடாயிற்று.

டெட்டால் வாசனையும் முகப்பவுடர் வாசனையும் கலந்து வந்தன. காலையில் தெரேஸ் உடம்பு துடைத்துவிட்டுப் பவுடர் போட்டிருக்கிறாள், கழுத்து மடிப்பில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கிறது. இந்த மனிதனுக்குப் பவுடர் என்றால் ஆகாது. மிஷன் வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில், கல்யாணப் பெண்கள் முகத்தில் அப்பிக்கொண்டு வந்து நின்றால், "அம்மாடி, உன் மூஞ்சியைத்தான் படம் எடுக்கணும்னாங்க, அது எங்கம்மா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பிலேயே படத்தை எடுத்துவிடுவான். அவனுக்குப் பேச்சுத்தான் காமிரா. வழியில் எதிர்ப்பட்டவனிடம் பேச்சு, பெத்தாங் ஆடுகிற மைதானத்தில் இரும்புக் குண்டு உருட்டிக்கொண்டே பேச்சு, பாதிரியார் பிரசங்கத்துக்குப் பின்பாட்டாகக் கடைசி பெஞ்சில் பேச்சு. கலிவரதனுக்கோ வகுப்பறையில் பாடம் நடத்தத் தெரியுமே தவிர, ஒரு மனிதனிடம் அரைமணி பேசத் தெரியாது. கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் வீட்டில் அவருக்குத் துணை ஒரு மர பீரோவும் அதற்குள்ளே அவர் சேர்த்துவைத்த பழங்காசுகளும். வெளியுலகத்தோடு பேச வேண்டியதையெல்லாம் அமலோர்தான் அவருக்காகப் பேசினான். மின்சாரக்காரனிடம், வங்கியில், அவர் மகனிடம்கூட. அந்த வாயிலிருந்து இப்போது ஒரே ஒரு சத்தம்தான் வருகிறது. தா. தண்ணீர் வேண்டுமென்றாலும் தா, வலித்தாலும் தா, தெரேஸைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாலும் தா தா. அதற்கு அர்த்தமில்லை, மூளையில் அடிபட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு எழுத்து, அவ்வளவுதான் என்று பயிற்சிக்காரப் பெண் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கலிவரதனுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அது தமிழாகவே கேட்கிறது. தா. எதைத் தர? பார்க்காதே. ஜன்னலைப் பார். கொடுக்காப்புளி மரத்தைப் பார். அணில் ஒன்று தலைகீழாக இறங்குகிறது. நன்றாக இருக்கிறது அணில்.

தெரேஸ் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது ஒரு கதை. வாத்தியார் வீட்டில் காசுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் இவர், திடீரென்று சரிந்து விழுந்தார், வாத்தியார் அலறிக்கொண்டு தெருவில் ஓடி ஆட்டோவை நிறுத்தி, மடியில் தலையை வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார், அந்த மனுஷர் இல்லையென்றால் இவர் இன்றைக்கு இல்லை. இதில் பொய் எதுவும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் நடந்ததுதான். ஆட்டோவில் அமலோரின் தலை அவர் மடியில்தான் இருந்தது, கோணிக்கொண்ட வாயிலிருந்து எச்சில் வழிந்து வேட்டியை நனைத்தது, அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை, "அமலோரு, அமலோரு" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். டாக்டர், இளைஞர், "எப்போ ஆரம்பிச்சுது சார்?" என்று கேட்டார். "இப்பத்தான் டாக்டர். விழுந்ததும் தூக்கிட்டு வந்துட்டேன்." "நல்ல வேலை செஞ்சீங்க" என்றார் டாக்டர். விழுந்ததும். அந்த வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொன்னோம். பிறகு நடைபாதையில் அதே டாக்டர் வேறொரு நோயாளியின் மகனிடம் சலித்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு நிமிஷமும் மூளையில கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வரும் சார், உடனே வரணும்னு எத்தனை தடவை சொல்றது." அந்த மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். திட்டு வாங்குகிறவன் அவன், பாராட்டு வாங்குகிறவர் இவர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கலிவரதன் எழுந்துபோய்க் குழாயில் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

கொஞ்சம் கொஞ்சமா. எது முதலில் செத்திருக்கும்? கிண்டலா? அவன் கலந்து பேசும் பிரெஞ்சா? ராத்திரி சாப்பாட்டுக்குமுன் அவன் முணுமுணுக்கும் ஜெபமா? கலிவரதனின் பெயரா? இப்படியா வரிசையாக யோசிப்பது, பீரோவில் காசு அடுக்குகிற மாதிரி? அவருக்கு எதையும் அடுக்கித்தான் பழக்கம். வலது கால் ஓரத்தில் போர்வை விலகியிருந்தது. போய் இழுத்துவிடலாம். இழுத்துவிடப் போனால் முகத்தைப் பார்க்க வேண்டும். பாதத்தை மட்டும் பார்த்தார். வீங்கிய, பளபளவென்ற பாதம். அந்தக் காலால் எவ்வளவு நடந்தான் இவருக்காக. பாரிஸில் ஏலத்தில் எடுத்த காசு தபாலில் வந்தபோது, சுங்க அலுவலகத்துக்கு அலைந்தவன் அமலோர்தான். கலிவரதன் சேர்த்ததெல்லாம் புரட்சிக் காலத்துத் தங்கக் காசுகள். ராஜாக்கள் காசு அவருக்கு வேண்டாம், அது யார் வேண்டுமானாலும் சேர்ப்பது. ஜனங்கள் ராஜாவை இறக்கிவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற அந்த இடைவெளியில் அச்சடித்த காசுதான் வேண்டும். ருஷ்யப் பேரரசனுக்கு எதிராக எழுந்த போலந்துக்காரர்கள், தங்கள் காசை யாரும் வாங்கமாட்டார்கள் என்று பயந்து, டச்சுக் காசு மாதிரியே அடித்து ஒரு மூலையில் மட்டும் தங்கள் கழுகைப் பொடியாகப் பதித்தார்களே, அந்தக் காசு அவரிடம் உண்டு. மிலான் நகரத்தில் ஆஸ்திரியர்களை விரட்டிய வருஷத்துக் காசு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பிரெஞ்சுக் காசு. அவர்கள் ராஜாவின் தலையை வெட்டிய அதே வருஷத்தில் அடித்த இருபத்துநாலு லிவ்ர் நாணயம். ராஜாவின் தலை இருந்த பக்கத்தில் வெறும் இலை வளையம். மறுபக்கம் சிறகு வைத்த ஒரு தேவதூதன், பக்கத்தில் சேவல், பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறான், சுற்றிலும் 'சட்டத்தின் ஆட்சி' என்று எழுத்து. வகுப்பில் அந்தக் காசின் படத்தைச் சுவரில் காட்டி, பாருங்கள், மனிதர்கள் எல்லோரும் சமம், எல்லோரும் சகோதரர்கள் என்று சொன்ன வருஷத்துப் பொன் இது, என்று சொல்லும்போது அவர் குரல் தானாக உயர்ந்துவிடும். பையன்கள் சிரித்ததில்லை. அமலோர்தான் சிரித்தான். "வாத்தியாரே, புரட்சி பண்ணினவன் கையில இந்தக் காசு இருந்திருக்கும்னா நினைக்கறீரு? அவன் ரொட்டிக்கு வரிசையில நின்னிருப்பான். இது எவனோ ஒருத்தன், சிப்பாய்ங்க பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிச்சிட்டுப் போறப்ப ஜன்னலைச் சாத்திக்கிட்டு, கோட்டு மடிப்புல வச்சுத் தைச்சது. அதான் தேயாம இருக்கு." கலிவரதனுக்கு மூன்று நாள் கோபம். தேயாத காசுதான் உயர்ந்தது, அதைத்தான் தேடித் தேடி வாங்கியிருந்தார். யார் கையும் படாதது, யாரும் யாருக்கும் கொடுக்காதது.

"தா" என்றான் அமலோர். கலிவரதன் திடுக்கிட்டுத் திரும்பினார். தலையணையில் தலை அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. வலக்கண் பாதி மூடியிருக்கிறது, இடக்கண் முழுசாகத் திறந்து, ஈரமாக, எங்கேயோ பார்க்கிறது. தன்னையா? தன் தோளுக்குப் பின்னாலா? "என்னய்யா, தண்ணியா?" கரண்டியில் எடுத்து ஊட்டினார். பாதி வெளியே வழிந்தது. துண்டால் துடைத்தார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கும் இப்படித்தான் மத்தியானம். மேசையில் கறுப்பு வெல்வெட் விரித்து, விளக்குப் போட்டு, காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஒவ்வொரு காசாகப் படம். கலிவரதன் எழுதப்போகும் புத்தகத்துக்காக. அமலோர் கூலி வாங்கமாட்டான், காலையில் சுடச்சுட பகேத் ரொட்டியும் வெண்ணெயும் மட்டும் வேண்டும் அவனுக்கு. கடைசியாக அந்தப் பிரெஞ்சுக் காசு. அதை மட்டும் கலிவரதன் தானே எடுத்து வைப்பார், வேறு யாரும் தொடக்கூடாது. அன்றைக்கு அமலோர், "என் கையில ஒரு தடவை குடுமய்யா, வெளிச்சம் எப்படி விழுதுன்னு பார்க்கணும்" என்று கேட்டான். கொடுத்தார். "ஓரத்தைப் பிடி, ஓரத்தை. முகத்துல விரல் படக்கூடாது." "தெரியும் வாத்தியாரே, நெகட்டிவ் பிடிச்சுப் பழகின கைய்யா இது." கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பிடித்து, கண்ணுக்கு நேரே உயர்த்தி, ஏதோ சொல்ல வாயெடுத்தான். என்ன சொல்ல வந்தான் என்று தெரியாது. விரல்கள் விரிந்தன. விரல்கள் சும்மா, காரணமே இல்லாமல், பூ மாதிரி விரிந்தன. காசு தரையில் விழுந்து, ஓசையெழுப்பி, ஓரத்தில் நின்று உருண்டு, பீரோவுக்கு அடியில் போய்விட்டது. இவ்வளவு தூரம் வரைக்கும் யாரிடமும் சொல்லலாம். இதுவரைக்கும் தப்பு ஒன்றுமில்லை.

"என்னய்யா இது, பிடிக்கத் தெரியலன்னா எதுக்கு வாங்கற?" என்று கத்தினார். கத்தினார் என்பது சரியான வார்த்தை. முட்டியை மடக்கிக் குனிந்து, கன்னம் தரையில் படப் படுத்து, பீரோவுக்கு அடியில் கையை விட்டார். நூலாம்படை, ஒரு பேனா மூடி, தூசி. முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு முனகல். கேட்டதா? கேட்டது. காது கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்டாலும் புரியவில்லை என்று சொல்லிப் பார்த்தாயிற்று, எதுவும் நிற்கவில்லை. ஏனென்றால் அந்த முனகலுக்கு அவர் பதில் சொன்னார். "இருய்யா" என்றார். முகத்தைத் தூசியில் வைத்துக்கொண்டு, கையை நீட்டியபடி, எரிச்சலோடு, இருய்யா. பதில் சொன்னவனுக்கு எப்படிக் கேட்காமல் இருந்திருக்கும். விரல்நுனியில் காசு தட்டுப்பட்டது. இழுத்தார். எழுந்தார். எழுந்தபோது கண்ணோரத்தில் அமலோர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து, கை தொங்க, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இருந்தான். அதைப் பார்த்தார். பார்த்தாரா, இல்லை பிற்பாடு பார்த்ததை முன்னால் கொண்டுவந்து ஒட்டுகிறதா மனசு? பார்த்தார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அப்போது உடம்பு ஒரு கணம் அவன் பக்கம் திரும்பியது ஞாபகம் இருக்கிறது. ஆனால் கால் ஜன்னலுக்குப் போயிற்று. வெளிச்சத்தில் காசைத் திருப்பி, லென்ஸை எடுத்து, ஓரம் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். ஒரு சுற்று பார்த்தார். சேவலைப் பார்த்தார், சிறகைப் பார்த்தார். வேட்டியில் துடைத்து, பஞ்சுப் பெட்டியில் வைத்து மூடினார். அதற்குப் பிறகுதான் அமலோர் தரையில் விழுந்தான். விழுந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன் டாக்டர். காசுக்கு ஒரு கீறலும் இல்லை. அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பீரோவைத் திறந்து பார்த்தார், ஏதாவது ஒரு சிறு நசுங்கல் இருந்துவிடக் கூடாதா என்று தேடினார். இல்லை. அச்சடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தெரேஸ் வாசலிலேயே நின்று முகமெல்லாம் மலரச் சொன்னாள். "அண்ணே, பேச்சு வந்துடுமாம். இன்னும் கொஞ்ச மாசம் விடாம பயிற்சி குடுத்தா ஒவ்வொரு வார்த்தையா வருமாம். உங்களைப் பத்தித்தான் முதல்ல பேசுவாரு, பாருங்க." அவளுக்கு முன்னால் நின்ற கலிவரதனும் சிரித்தார். "நிச்சயமா வரும்மா" என்றார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒன்று, ஒரு சின்னக் குரல், வரவேண்டாம் என்றது. வேண்டாம், வராமலே இருக்கட்டும். பீரோவுக்கு அடியில் குனிந்ததையாவது புத்தி தடுமாறியது, பழக்கம், கண நேரத்துப் பேராசை என்று ஏதாவது பெயர் சொல்லலாம். இது அப்படியில்லை. நின்று நிதானமாக, அந்தப் பெண் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தன் ஒரே சிநேகிதன் ஊமையாகவே இருக்கட்டும் என்று ஆசைப்பட்ட மனசு. அன்றைக்குக் கொடுத்த காபியைக் குடிக்க முடியாமல், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கடற்கரையில் போய் உட்கார்ந்தார். சின்னக் குழந்தைகள் பலூன் வாங்க அழுதுகொண்டிருந்தன. தன்னைப்போல் ஒருவனைத்தான் அந்தக் காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு காசைத் தைத்தவன் என்று அமலோர் சொன்னான் போலிருக்கிறது. அவன் சொன்னது சரித்திரம், தான் சொன்னது பாடம்.

"தா. தா. தா." கட்டில் அசைந்தது. அமலோரின் இடக்கை போர்வையைப் பிராண்டிக்கொண்டிருந்தது. கலிவரதன் எழுந்தார். "என்ன வேணும்? விசிறியா? வெளிச்சம் கண்ணு கூசுதா?" ஜன்னல் திரையை இழுத்தார். "தா!" மறுபடியும் தண்ணீர் எடுத்து வந்தார். கரண்டியை இடக்கை தட்டிவிட்டது, தண்ணீர் சட்டையில் தெறித்தது. கோபமா? தன்மேல் கோபமா? தெரிந்துவிட்டதா? கலிவரதன் இரண்டடி பின்னால் போனார். இடக்கண் அவரையே பார்த்தது, இந்தத் தடவை சந்தேகமே இல்லை, அவரைத்தான். கை கீழே, தொடைப் பக்கம், தட்டித் தட்டிக் காட்டியது. அப்போதுதான் புரிந்தது. கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் குப்பி இருக்கிறது, தெரேஸ் எடுத்துவைப்பதைப் பார்த்திருக்கிறார். குனிந்து எடுத்தார். எடுத்து நிமிர்வதற்குள் நேரமாகிவிட்டது. கைலி நனைந்து, விரிப்பு நனைந்து, மஞ்சளாகப் பரவிக்கொண்டிருந்தது. அமலோர் இடது முழங்கையை மடக்கிக் கண்ணை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் அழுதான். தனக்கு வெட்கமென்று ஒன்று இருப்பதாக ஊரில் யாருக்கும் காட்டியிராத மனிதன். "ஒண்ணுமில்லய்யா, ஒண்ணுமில்ல, இதுல என்ன" என்று சொல்லிக்கொண்டே கலிவரதன் குளியலறைக்கு ஓடி வாளியும் துணியும் கொண்டுவந்தார். கைலியை அவிழ்த்தார். ஒரு பக்கமாகப் புரட்ட முயன்றார். இவ்வளவு கனமா ஒரு மனித உடம்பு? செயலிழந்த கை எதிர்ப்பில்லாமல் அவர்மேல் வந்து விழுந்தது. துடைத்தார். இடுப்பு, தொடை, நடுவில். பவுடரை எடுத்துப் போட்டார். புது விரிப்பைப் பாதி சுருட்டி அடியில் தள்ளி, மறுபக்கம் போய் இழுத்து, தெரேஸ் செய்வதைப் பார்த்தது எவ்வளவு ஞாபகம் இருந்ததோ அவ்வளவும் செய்தார். மூச்சு வாங்கியது. முழங்கை இன்னும் அமலோரின் கண்மேல்தான் இருந்தது. அந்த முழங்கையைப் பார்த்துத்தான் கலிவரதனுக்கு வாய் திறந்தது.

"அமலோரு, கேக்குதா? நீ வெட்கப்படாதய்யா. வெட்கப்பட வேண்டியவன் நான். அன்னிக்கு நீ முனகினது எனக்குக் கேட்டுச்சு. நான் காசைத்தான் முதல்ல எடுத்தேன். எடுத்து, ஜன்னல்ல வச்சுப் பார்த்துட்டு, உள்ள வச்சுட்டு, அப்புறம்தான் உன்கிட்ட வந்தேன்." சொல்லிவிட்டு நின்றார். கூடம் முழுக்க மின்விசிறிச் சத்தம். முழங்கை மெல்ல இறங்கியது. ஈரமான அந்த ஒற்றைக் கண் அவரை வெகுநேரம் பார்த்தது. பிறகு அமலோர் வாயைத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரரிடமும் பாதிரியாரிடமும் சொல்வதைப்போலவே, "தா" என்றான். இடப்பக்க உதடு கொஞ்சம் மேலே போயிற்று. சிரிப்பா, வலியா, ஒன்றுமே புரியாமல் மரியாதைக்குக் காட்டுகிற முகமா? கலிவரதன் காத்திருந்தார். திட்டு, மன்னிப்பு, முகத்தைத் திருப்பிக்கொள்வது, ஏதாவது ஒன்று. அமலோர் கண்ணை மூடிக்கொண்டு தூங்கத் தொடங்கினான். புரிந்துதான் இருக்க வேண்டும் என்று இல்லை. எத்தனை வார்த்தைகள் உள்ளே போகின்றன என்று யாருக்கும் தெரியாது, பயிற்சிக்காரப் பெண்ணே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் சொன்னது யாரிடம்? ஒரு பாறையிடம் சொல்லிவிட்டு இறக்கிவைத்துவிட்டதாக மூச்சு விடலாமா? விடத்தான் தோன்றியது. அதுதான் அசிங்கமாக இருந்தது. பாதி லேசாகிவிட்டது உடம்பு, இன்னும் கொஞ்ச நேரத்தில் காபிகூடக் குடிக்க முடியும் போலிருந்தது.

இரும்புக் கதவு கிறீச்சிட்டது. தெரேஸ் உள்ளே வந்து குடையை மாட்டினாள். வாளியைப் பார்த்தாள், நனைந்த கைலியைப் பார்த்தாள், புது விரிப்பைப் பார்த்தாள். மருந்துப் பையோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ அண்ணே, நீங்களா? இதெல்லாம் நீங்களா செஞ்சீங்க? என் கூடப்பிறந்தவன்கூட மூக்கைப் பிடிச்சிக்கிட்டு வெளிய போயிடுவான்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "சாமி உங்களைத்தான் எங்களுக்குக் குடுத்திருக்காரு. இருங்க, காபி போடறேன்." அடுப்பங்கரைக்குத் திரும்பினாள். அந்த முதுகைப் பார்த்ததும் கலிவரதனுக்கு, இப்போது வாய் திறக்காவிட்டால் இனி இந்த வீட்டுக் காபியைக் கடைசிவரை குடித்துக்கொண்டே இருப்போம் என்று தெரிந்தது. "தெரேஸ், காபி வேணாம்மா. ஒண்ணு சொல்லணும்." குரல் வகுப்பறையில் வருகிற மாதிரி உரக்க வந்துவிட்டது. அவள் திரும்பினாள். சொன்னார். கட்டிலில் சொன்னதையே சொன்னார், ஆனால் இங்கே ஒவ்வொரு வார்த்தையும் வேறு கனமாக இருந்தது. காசு விழுந்தது, பீரோவுக்கு அடியில் போனது, முனகல் கேட்டது, இருய்யா என்றது. டாக்டரிடம் விழுந்ததும் என்று சொன்னது. பேச்சு வரவேண்டாம் என்று நினைத்ததையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மருந்துப் பையைப் பார்த்துச் சொன்னார்.

தெரேஸ் மருந்துப் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "எவ்வளவு நேரம்?" என்றாள்.

"தெரியல."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"தெரியலம்மா. யோசிக்கிறப்ப ஒரு சமயம் கண் சிமிட்டற நேரம்தான்னு இருக்கு. ஒரு சமயம் ரொம்ப நேரம்னு இருக்கு. ஜன்னல்கிட்டப் போய்ப் பார்த்தேன்."

"காசையா?"

"ஆமா. அடிபட்டிருக்கான்னு."

"அடிபட்டிருந்துச்சா?"

"இல்ல."

அவள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள், கடைக்காரர் மாத்திரையை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும்போது ஆட்டுவதைப்போல. பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்றை நிமிர்த்தி வைத்தாள், பிறகு படுக்க வைத்தாள். கூடத்தின் நடுவில் நின்ற கலிவரதனுக்கு அவள் கத்தினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. கையில் இருப்பதைத் தூக்கி எறிந்தால், வெளியே போ என்றால். அவள் கட்டிலுக்குப் போனாள். கணவனின் நெற்றியில் கையை வைத்தாள், தலையணையைப் பார்த்தாள். "கீழ சரிஞ்சிட்டாரு" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு அவரைப் பார்க்காமலே, "அந்தப் பக்கம் வாங்க. அக்குள்ள கை குடுங்க. தோளைப் பிடிச்சு இழுக்காதீங்க, வலிக்கும் அவருக்கு. சொல்றப்பத் தூக்குங்க" என்றாள். "ம், இப்ப." தூக்கினார். அமலோரின் தலை அவர் மார்பில் மோதிப் போயிற்று. தூக்கத்தில் ஏதோ முனகினான். தெரேஸ் சட்டென்று கையை நிறுத்தி, அவன் முகத்தையே பார்த்தாள், முனகல் அடங்கி மூச்சு சீராகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கலிவரதனும் அசையவில்லை. பிறகு அவள் போர்வையை இழுத்துக் காலை மூடினாள், வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. துணி அலசும் சத்தம். அவர் அங்கேயே நின்றார். போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி இரும்புக் கதவுவரை போனபோது, ஈரக் கையோடு அவள் வாசலுக்கு வந்தாள்.

"நாளைக்கு வராதீங்க" என்றாள்.

"சரிம்மா."

அவர் தாழ்ப்பாளில் கை வைத்தார். அது வழக்கம்போல் இறுகிக்கிடந்தது, இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை வாங்க. தம்பி ஊருக்குப் போறான். ஒத்தையா என்னால அவரைத் தூக்க முடியாது."

கலிவரதன் தலையை ஆட்டினார். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டிருந்தாள்.